பழைய அலுமினிய சிலிண்டர்களும் அவற்றின் பரீட்சையும்

கடலுக்கடியில் நீந்துவோர் முதுகில் சுமந்து செல்லும் ஸ்கூபா சிலிண்டர், அவர்களுடைய மற்ற உபகரணங்கள் எல்லாம் கிழிந்தும் தேய்ந்தும் குப்பைக்குப் போன பிறகும், உருவத்தில் யாதொரு மாறுதலும் காட்டாமல் முப்பது நாற்பது ஆண்டுகள் உழைக்க வல்லது. அந்த நீடித்த ஆயுளே அதன் பெருமை. அதைப் பற்றிய சந்தேகத்துக்கும் அதுவே காரணம். அமெரிக்காவில் 1970-களிலும் 1980-களிலும் செய்யப்பட்ட அலுமினிய சிலிண்டர்கள் இன்றும் வீட்டுக் கொட்டகைகளிலும் பழம்பொருள் விற்பனையிலும் கிடைக்கின்றன. அவற்றுள் பல, தோளில் பதித்த முத்திரைகளின்படி, சட்டம் விதித்த சோதனைகளில் ஒழுங்காகத் தேறியவை. ஆயினும் அவற்றைத் தூக்கிக்கொண்டு காற்று நிரப்பும் கடைக்குப் போனால், கடைக்காரர் முத்திரையைக் குனிந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவது சர்வ சாதாரணம். சட்டம் ஏற்றதைக் கடை மறுக்கிறது. இவ்விரண்டில் நியாயம் யார் பக்கம் என்று தீர்ப்பதற்கு முன், அந்த உலோகத்துக்கு நேர்ந்த நோய் இன்னதென்றும், அதைக் கண்டுபிடிக்க ஏற்பட்ட சோதனைகள் எதைக் காண வல்லவை, எதைக் காண மாட்டாதவை என்றும் தெளிந்துகொள்வது அவசியம்.

அலுமினியம் வருவதற்கு முன் எஃகுதான் இத்துறையில் ஆட்சி செலுத்தியது. எஃகின் தீராத பகை துரு. சில துளி உப்புநீர் உள்ளே புகுந்துவிட்டால், உயர்ந்த அழுத்தத்தில் அடைபட்ட காற்றிலுள்ள பிராணவாயு அந்த ஈரத்தோடு கூடி எஃகை அரிக்கத் தொடங்கும். சுவர் மெலிவது ஒரு புறமிருக்க, நெடுநாள் மூடிக்கிடந்த சிலிண்டரில் பிராணவாயுவே குறைந்துபோய், அதைச் சுவாசிப்பவரை நீருக்கடியில் மயக்கமுறச் செய்யும் அபாயமும் உண்டு. அலுமினியமோ காற்றுப் பட்ட மாத்திரத்தில் தன்மேல் மெல்லிய ஆக்ஸைடு படலம் ஒன்றைப் போர்த்திக்கொண்டு, அதற்கு மேல் அரிப்பு எளிதில் பரவாமல் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் குணமுடையது. லக்ஸ்ஃபர் நிறுவனம் 1972 முதல் அமெரிக்காவில் அலுமினிய ஸ்கூபா சிலிண்டர்களைச் செய்து தரலாயிற்று. வால்டர் கிட் போன்ற நிறுவனங்களும் அந்தத் தொழிலில் இறங்கின. 'எண்பது' என்று உலகமெங்கும் வழங்கும் சிலிண்டர் அந்தக் காலத்தில் பரவியதே. எண்பது கன அடி காற்று என்பது பெயரளவில்தான். சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு அழுத்தத்தில் அது உண்மையாகக் கொள்வது 77.4 கன அடி. வியாபாரப் பெயர்களில் இவ்வளவு மிகை மன்னிக்கத்தக்கதே.

அலுமினியம் இலேசான உலோகமாயிற்றே, ஆகவே சிலிண்டரும் இலேசாக இருக்கும் என்று எண்ணுவோர் ஏமாந்து போவார்கள். வலிமைக் குறைவை ஈடுசெய்ய அதன் சுவரை ஏறக்குறைய அரை அங்குலத் தடிமனுக்கு அமைக்க நேர்வதால், வெறும் சிலிண்டரே சுமார் 14 கிலோ கனக்கிறது; அதோடு, காற்றுத் தீரத்தீர அது நீரில் மேலே எழும்பப் பார்ப்பதால், அதை அடக்குவதற்கென்று முக்குளிப்பவர் இடுப்பில் கூடுதலாக ஈயம் கட்டிக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் அது வென்றதற்குக் காரணம், விலை மலிவும், துருப்பிடியாமையும், வாடகைக்கு விடுவோர் கையில் முரட்டுத்தனமான உபயோகத்தைப் பொறுத்துக்கொள்ளும் தன்மையுமே.

இந்த நற்குணங்களுக்கு நடுவே ஒரு தோஷம் மறைந்திருந்தது. அக்கால சிலிண்டர்களில் பெரும்பாலானவை, தொழில்துறையில் 6351 என்ற எண்ணால் குறிக்கப்படும் கலவையால் ஆனவை. அலுமினியத்தோடு சிலிக்கன், மக்னீசியம், மாங்கனீசு ஆகியவை சேர்ந்த அந்தக் கலவை, டி6 என்னும் வெப்பப் பக்குவத்துக்கு உட்படுத்தப்பட்டு வலிமை பெற்றது. அதில், மக்னீசியத்தோடு இணைந்து தீர்ந்தது போக எஞ்சி நிற்கும் சிலிக்கன், உலோகத்தின் பரல்களுக்கிடையேயுள்ள எல்லைகளில் ஒதுங்கி அவ்வெல்லைகளைப் பலவீனப்படுத்துகிறது. அசுத்தமாக அற்ப அளவில் கலந்துவிட்ட ஈயம் அந்தப் பலவீனத்தை மேலும் தூண்டுகிறது. இவ்வாறு பலவீனப்பட்ட எல்லைகளின் வழியே, இடைவிடாத இழுவிசையின் கீழ், விரிசல் ஒன்று மிக மெதுவாக, பல ஆண்டுகளில், ஊர்ந்து வளர்கிறது. நிலைச்சுமை விரிசல் என்று அதைச் சொல்லலாம். ஒரு சிலிண்டரைப் பலமுறை நிரப்பித் தீர்ப்பதனால் உண்டாகும் களைப்பு வேறு, இது வேறு. இந்த விரிசல் வளர்வதற்கு யாரும் சிலிண்டரைப் பயன்படுத்த வேண்டியதே இல்லை. அது முழு அழுத்தத்தில் நிரம்பியபடி மூலையில் சும்மா நின்றாலே போதும். அதிகம் உழைத்த சிலிண்டர்தான் அதிக ஆபத்தானது என்ற சாமானிய அபிப்பிராயம் இவ்விடத்தில் தலைகீழாகிவிடுகிறது.

விரிசல் தோன்றும் இடம் பெரும்பாலும் ஒன்றே: வால்வு திருகும் கழுத்தின் உட்புற மரைகளும், அவற்றின் கீழுள்ள தோளும். சிலிண்டர் செய்யும் முறையைக் கவனித்தால் இதன் காரணம் புலனாகும். அலுமினியக் கட்டியை அழுத்திக் குழாயாக்கி, அதன் திறந்த வாயைச் சூடாக்கிக் குவித்துக் கழுத்தாக்கும்போது, உலோகம் உள்ளே நெருங்கிச் சுருங்கி மடிப்புகளை உண்டாக்குகிறது. பிறகு அதிலேயே மரை வெட்டப்படுகிறது. மடிப்பு ஒவ்வொன்றும் விரிசலாகிவிடும் என்பதில்லை. பெரும்பாலானவை ஆயுள் முழுதும் தீங்கின்றிக் கிடப்பவை. ஆனால் விரிசல் தொடங்குவதற்கு அவற்றைவிட வசதியான இடமும் வேறில்லை. இந்த நோயின் தன்மை தெளிவான பின், லக்ஸ்ஃபர் நிறுவனம் அமெரிக்காவில் 1988-இல் 6061 என்னும் வேறு கலவைக்கு மாறிற்று. வால்டர் கிட் சுமார் 1990 வரை பழைய கலவையைக் கையாண்டது. காட்டலினா நிறுவனத்தின் ஸ்கூபா சிலிண்டர்கள் தொடக்கத்திலிருந்தே 6061-ஆல் ஆனவை. சிலிக்கனும் மக்னீசியமும் அளவொத்து நிற்கும் இந்தப் புதிய கலவையில் நிலைச்சுமை விரிசல் சிலிண்டரை வெடிக்கச் செய்ததாக வரலாறில்லை.

விரிசல் கண்ட சிலிண்டர்களில் மிகுதியானவை வெடிப்பதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். விரிசல் கழுத்தின் மேற்பரப்பை எட்டியதும் காற்று மெல்லக் கசிந்து, தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். வெடித்தவை, லட்சக்கணக்கில் செய்யப்பட்டவற்றுள் மிகச் சிலவே. ஆனால் அந்தச் சிலவற்றின் கொடுமை சாமானியமன்று. 207 பார் அழுத்தத்தில், 11 லிட்டர் இடத்தில், அடைபட்டுக் கிடக்கும் காற்று ஒரே கணத்தில் விடுபடுமாயின், ஒரு டன் பாரத்தை நாற்பது மீட்டர் உயரத்துக்கு மேல் தூக்கத்தக்க வேலையை அது செய்துவிடும் என்பதைப் பௌதிகம் படித்த எந்த மாணவனும் கணக்கிட்டுக் காட்டுவான். அவ்வெடிப்புகளும் பெரும்பாலும் நிரப்பும்போதே நேர்ந்திருக்கின்றன. அதாவது, அபாயத்தின் முன்னால் நிற்பவர் சிலிண்டரின் சொந்தக்காரர் அல்லர். கம்ப்ரெஸர் அருகே கூலிக்கு நிற்கும் ஊழியர். இந்த உண்மையை நினைவில் நிறுத்திக்கொண்டே மேலே செல்ல வேண்டும்.

சோதனைகளில் மூத்ததும் மிகுந்த மரியாதைக்கு உரியதாகக் கருதப்படுவதும் நீரழுத்தச் சோதனை. அமெரிக்கச் சட்டப்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை இது நடந்தாக வேண்டும். சிலிண்டரை நீரால் நிரப்பி, நீர் நிறைந்த மற்றொரு பெரிய கலத்தினுள் அமிழ்த்தி மூடி, வேலையழுத்தத்தின் மூன்றில் ஐந்து மடங்குக்கு, அதாவது 3000 பவுண்டு சிலிண்டரானால் 5000 பவுண்டுக்கு, உள்ளழுத்தத்தை ஏற்றுவார்கள். உலோகம் புடைக்கும்; புடைத்த அளவுக்கு வெளிக்கலத்து நீர் இடம்பெயர்ந்து, பக்கத்தில் நிற்கும் அளவுக்குழாயில் ஏறும். அழுத்தத்தை இறக்கியதும் நீர்மட்டம் பழையபடி கீழே வர வேண்டும். முழுதும் வராமல் தங்கிவிடும் அளவு, மொத்த விரிவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் சிலிண்டர் தள்ளப்படும். கருத்தளவில் இது மிக அழகான சோதனை. அரிப்பினால் சுவர் பரவலாக மெலிந்திருந்தால் அது இதில் அகப்படும்; வர்ணம் சுடும் அடுப்பிலோ தீவிபத்திலோ வெந்து பக்குவம் இழந்த உலோகமும் அகப்படும். அலுமினியத்துக்கு இந்த இரண்டாவது தோஷம் அற்பமானதன்று; 177 பாகை செல்சியஸைத் தாண்டிய சூடு பட்ட சிலிண்டர், பார்வைக்குப் புதுமணப்பெண் போல மின்னினாலும், கழித்துக்கட்ட வேண்டியதுதான்.

ஆனால் நாம் தேடும் நோய் இருப்பது உடம்பில் அன்று, கழுத்தில். கழுத்தோ சிலிண்டரின் மற்றப் பகுதிகளைவிடத் தடித்தது; அங்கே ஓர் அங்குலத்துக்குக் குறைந்த விரிசல் ஓடியிருப்பதனால் முழு உருளையும் புடைத்து மீளும் கணக்கில் ஒரு துளி நீரளவு வேற்றுமையும் ஏற்படுவதில்லை. விரிசல் கண்ட சிலிண்டர் இந்தச் சோதனையில் கௌரவமாகத் தேறி, புது முத்திரையும் பெற்று, வீடு திரும்பலாம். முத்திரை பொய் சொல்லுகிறது என்று நான் சொல்லவில்லை; கேட்ட கேள்விக்கு அது சரியாகத்தான் விடை சொல்லியிருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறாக இருந்தது. சட்டத்தின் மேல் அளவு கடந்த பக்தியுள்ளவர்கள் முத்திரையைச் சுட்டிக்காட்டிக் கடைக்காரரோடு சண்டையிடும்போது மறந்துவிடுவது இதைத்தான்.

இரண்டாவது, கண்ணால் பார்க்கும் சோதனை. வால்வைக் கழற்றிவிட்டு, சிறு விளக்கொன்றைக் கயிறு போல உள்ளே இறக்கி, பல் வைத்தியர் வைத்திருப்பதைப் போன்ற குட்டிக் கண்ணாடியைக் கழுத்துக்குள் திருப்பித் திருப்பிப் பிடித்து, மரைகளை அடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து வருவதே இதன் சாரம். முதலில் அழுக்கையும் பழைய மசகையும் துடைக்க வேண்டும்; அவை கிடந்தால் எதுவும் தெரியாது. மரை வெட்டிய கருவி நின்று கிளம்பிய இடங்களில் விழுந்த தடம் நேர்த்தியான கோடாக, ஒழுங்கான இடைவெளியில் காணப்படும். விரிசலோ கோணல்மாணலாக மரையின் முகட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்தில் இறங்கியிருக்கும். கண்ணாடியைச் சற்றே சாய்த்தால் ஒளி விழும் பக்கம் மாறும்; தடம் மங்கிவிடும், விரிசலின் கறுப்பு மங்காது. பழகிய கண்ணுக்கு இது ஒரு கலை. பழகாத கண்ணுக்கு எல்லாக் கோடும் ஒன்றே.

இந்தப் பழக்கமின்மையில்தான் இம்முறையின் முழுக் குறையும் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் ஆண்டுக்கொரு முறை கண்பார்வைச் சோதனை என்பது முக்குளிப்புத் தொழிலின் சம்பிரதாயமேயன்றிச் சட்டமன்று. சட்டத்தின் நிர்ப்பந்தம் இல்லாத போதும் ஒரு தொழில் தானாக முன்வந்து இத்தகைய கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டது மெச்சத்தக்கது. பயிற்சி பெற்ற பரிசோதகர்களை உருவாக்கும் அமைப்புகளும் அங்கே தோன்றியிருக்கின்றன. எனினும் ஒரு வருஷத்துக்கான வில்லையை ஒட்டுவதே காரியம் என்றும், உள்ளே பார்ப்பது அதற்கான சடங்கு என்றும் ஆகிவிட்ட கடைகளும் இல்லாமல் இல்லை. விளக்கை ஒருமுறை உள்ளே காட்டிவிட்டு, அடியில் வெண்தூள் கிடக்கிறதா என்று மட்டும் பார்த்து, வில்லையை ஒட்டி அனுப்புவதானால், அந்தச் சோதனையை விட அது இல்லாமலிருப்பது மேல். இல்லையென்றால் சொந்தக்காரர் ஜாக்கிரதையாகவாவது இருப்பார்.

மூன்றாவது சோதனை, சுழல் மின்னோட்டத்தைக் கொண்டு செய்வது. கம்பிச் சுருள் பொதிந்த ஒரு சிறு ஆய்வுமுனையைக் கழுத்துக்குள் மரைவழியே திருகி இறக்கினால், அது அருகிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களை எழுப்புகிறது. வழியில் விரிசல் குறுக்கிட்டால் அவ்வோட்டம் தடைபட்டு வளைந்து செல்ல, கருவியில் அது குறியாகத் தோன்றுகிறது. செயற்கையாகக் கீறல் வெட்டிய ஒரு வளையத்தின் மேல் கருவியை முதலில் சரிபார்த்துக்கொண்டு, பிறகு சிலிண்டரைச் சோதிப்பது முறை. நாடி பார்த்து உடம்பின் பொது நிலையைச் சொல்லும் வைத்தியரை நீரழுத்தச் சோதனைக்கு ஒப்பிட்டால், தொண்டையைத் திறந்து பார்க்கும் வைத்தியர் இவர். நோய் எங்கே இருக்கிறதோ அங்கேயே பார்க்கிறார். கண்ணுக்குத் தெரியாத நிலையிலேயே விரிசலைப் பிடித்துக் காட்டும் சாமர்த்தியம் இதற்கு உண்டு.

குறையும் உண்டு. மரையில் ஒட்டிய அழுக்கையும், வால்வைக் குறுக்காகத் திருகியதால் விழுந்த காயத்தையும், தீங்கற்ற மடிப்பையும் கூட விரிசல் என்று அது கூவிவிடும். ஆகவே கருவி காட்டிய இடத்தை மறுபடியும் கண்ணால் பார்த்து உறுதி செய்யும் மனிதர் தேவை. மனிதரை நீக்கத்தானே கருவி வந்தது என்று நம்பியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். நோயே இல்லாத 6061 சிலிண்டர்களின் மேலும் சில கடைகள் இக்கருவியை ஏவி, பொய்க் குறி கண்டு, நல்ல சிலிண்டரைத் தள்ளிவிட்டதால் வந்த மனஸ்தாபங்கள் கொஞ்சமல்ல. அக்கலவைக்கு இச்சோதனையைச் சட்டமும் கேட்கவில்லை, உற்பத்தியாளரும் கேட்கவில்லை. அங்கே அது மிகையான எச்சரிக்கையுமன்று. பொருந்தாத கருவியைப் பொருந்தாத இடத்தில் வைப்பதே.

அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2006 ஆகஸ்டில் வெளியிட்டு, 2007 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதியை இந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் அதன் விவேகம் விளங்கும். முக்குளிப்போரும் தீயணைப்போரும் சுமக்கும் காற்று சிலிண்டர்கள், பிராணவாயு சிலிண்டர்கள் ஆகிய இவற்றில் 6351-ஆல் ஆனவை, ஐந்தாண்டுச் சோதனையின்போது நீரழுத்தத்தோடு கண்பார்வைக்கும் சுழல் மின்னோட்டச் சோதனைக்கும் உட்பட வேண்டும் என்றும், கழுத்திலோ தோளிலோ இரண்டு மரையளவு அல்லது அதற்கு மேற்பட்ட விரிசல் தெரிந்தால் கழித்துவிட வேண்டும் என்றும் அது விதித்தது. எல்லாவற்றையும் ஒரே அடியாகத் தடை செய்யவில்லை; வயதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நோயின் பெயரைச் சொல்லி, அதன் இருப்பிடத்தைச் சொல்லி, அதற்கேற்ற கருவியைச் சொல்லிற்று. அரசாங்க விதிகளில் இத்தகைய குறிபார்த்த சொற்சிக்கனம் அபூர்வம். ஐந்தாண்டு என்ற இடைவெளியைப் பற்றித்தான் எனக்கு ஐயம். விரிசல் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது என்ற அறிவின் மேல் நிற்கிறது அந்தக் கணக்கு. பெரும்பான்மைக்கு அது போதும். ஆனால் இரண்டு மரைக்குச் சற்றே குறைந்த விரிசலோடு இன்று தேறிய சிலிண்டர் நாலாம் ஆண்டில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒட்டுவில்லைச் சம்பிரதாயத்தைத் தவிரக் காவல் இல்லை. பிரிட்டனில் இடையில் இரண்டரை ஆண்டுக்கொரு முறை உள்ளே பார்த்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் சோதனை. நோயுற்ற கலவை என்று தெரிந்த பின்னும் அமெரிக்கா இந்தக் கண்டிப்பை ஏற்காமல் விட்டது குறையே.

இனிக் கடைக்காரரின் மறுப்பு. இதில் இரண்டு வகை உண்டு. வாதிடுவோர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். '1990-க்கு முந்திய அலுமினியத்தை நிரப்பமாட்டோம்' என்பது ஒன்று. 'இருபது வயது கடந்த அலுமினியத்தை நிரப்பமாட்டோம்' என்பது மற்றொன்று. முதலாவது, ஆண்டின் பெயரால் பேசினாலும், உண்மையில் கலவையைப் பற்றியே பேசுகிறது. அமெரிக்க உற்பத்தியைப் பொறுத்த மட்டில் 6351 அநேகமாக முழுவதும் அந்தக் கோட்டுக்கு அப்பால் போய்விடுகிறது, கூடவே சில நிரபராதிகளும் போகின்றன. கழுத்தைச் சோதிக்கக் கருவியோ, பழகிய கண்ணோ இல்லாத ஒரு கடை, தன் ஊழியரின் கையையும் காலையும் முன்னிட்டு அப்படிக் கோடு கிழித்தால், அதைக் கோழைத்தனம் என்று ஏசுவது தகாது. அபாயத்தில் பங்கில்லாதவர் அதைப் பற்றித் தாராளமாகப் பேசுவது எளிது. சிலிண்டரின் சொந்தக்காரர் நிரப்பும்போது வெளியே நின்று காப்பி குடித்துக்கொண்டிருப்பவர்தானே.

இரண்டாவது வகைக்கு அத்தகைய நியாயம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆண்டுதோறும் முன்னே நகரும் அந்தக் கோடு, நோயுற்ற கலவையைத் தாண்டி வந்து வெகு காலமாகிறது. இன்று அது புதிதாக வெட்டித் தள்ளுவதெல்லாம் 6061 சிலிண்டர்களையே. அமெரிக்கச் சட்டம் சாதாரண அலுமினிய சிலிண்டருக்கு ஆயுள் வரம்பு எதுவும் விதிக்கவில்லை. சோதனையில் தேறும் வரை அது உபயோகத்துக்கு உரியது. காப்பீட்டு நிறுவனத்தின் பேரைச் சொல்லியும், எங்கள் கொள்கை என்று சொல்லியும் மறுப்பவர்களில் ஒரு சாரார், பக்கத்து அலமாரியில் புது சிலிண்டர்களை விற்பனைக்கு வைத்திருப்பதையும் கவனிக்காமல் இருக்க முடியாது. எல்லாரையும் அப்படிச் சந்தேகிப்பது அநியாயம். அறியாமையே பெரும்பாலும் காரணம். ஆனால் அறியாமை, எச்சரிக்கை என்ற வேஷம் போட்டுக்கொண்டு வரும்போது அதைத் திருத்துவது மிகக் கஷ்டம்.

சொந்தக்காரர்களின் தவறுகளையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. வால்வை ஆண்டுக்கணக்கில் கழற்றாமல் விட்டு, பித்தளையும் அலுமினியமும் உப்பீரத்தில் ஒன்றையொன்று அரித்து இறுகிப்போகச் செய்பவர்கள் உண்டு. அலுமினியத்துக்கு என்றுமே அனுமதியில்லாத மிகையழுத்தத்தில் நிரப்பச் சொல்லிக் கெஞ்சுபவர்கள் உண்டு. முழுக்க நிரப்பிய சிலிண்டரைக் கோடை முழுதும் கொட்டகையில் வைத்து மறந்துவிடுபவர்கள் உண்டு. 6351-க்கு இந்த மூன்றாவதைவிடக் கெடுதல் வேறில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. பழைய 6351 சிலிண்டர் சட்டப்படியான மூன்று சோதனையிலும் தேறியிருந்தால் அது பெரும்பாலும் பாதுகாப்பானதே; ஆனாலும் அதை நிரப்பித் தரும்படி இன்னொருவரை வற்புறுத்தச் சொந்தக்காரருக்கு உரிமையில்லை. 6061 சிலிண்டர் தேறியிருந்தால், வயதைச் சொல்லி மறுக்கக் கடைக்குக் காரணமில்லை. உங்கள் கொட்டகையில் ஒன்று கிடக்குமானால் முதலில் தோளிலுள்ள முத்திரையைத் துடைத்து, செய்தவர் பெயரையும் முதற் சோதனையின் மாதத்தையும் ஆண்டையும் படியுங்கள். 1988 வரையிலான லக்ஸ்ஃபர் என்றோ, 1990 வரையிலான வால்டர் கிட் என்றோ தெரிந்தால், காற்றை மெல்ல முழுவதும் வெளியேற்றிவிட்டு, வால்வைக் கழற்றி எடுத்துக்கொண்டு, மீதியைப் பழைய அலுமினிய விலைக்குப் போட்டுவிடுங்கள். காட்டலினா என்றோ, அந்த ஆண்டுகளுக்குப் பிந்திய லக்ஸ்ஃபர் என்றோ இருந்தால், சோதனைக்கு அனுப்புங்கள். தேறி வந்த பிறகும் ஒரு கடை வயதைக் காட்டி மறுத்தால், வேறு கடைக்குப் போங்கள்.